ஏஞ்சலினா ஜோலி எழுதாமல் விட்ட கேள்வி

2013 மே 14 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஏஞ்சலினா ஜோலி ‘என் மருத்துவ முடிவு’ என்று ஒரு கட்டுரை எழுதினார். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் தனக்குப் பிழை இருக்கிறது, அதனால் நோய் வருவதற்கு முன்பாகவே இரண்டு பக்கமும் மார்பக அகற்றல் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன் என்று அதில் சொன்னார். கிட்டத்தட்ட பத்து வருஷம் புற்றுநோயோடு போராடி 56 வயதில் இறந்துபோன அம்மா, டாக்டர்கள் சொன்ன சதவீதங்கள், மூன்று மாதம் நடந்த சிகிச்சையின் படிகள், கடைசியில் மற்ற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான் கட்டுரை. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

பிரபலங்கள் மருத்துவம் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் உதறும். இந்தக் கட்டுரை அந்த ரகம் இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் ஒரு சிறு பகுதிதான் பரம்பரையாக வருவது என்று தெளிவாகச் சொல்கிறார். தனக்குச் சொல்லப்பட்ட ஆபத்து 87 சதவீதம் என்றாலும் இந்தப் பிழை உள்ளவர்களின் சராசரி 65 சதவீதம் என்று அவரே எழுதுகிறார். அமெரிக்காவில் இந்தச் சோதனைக்கு அப்போது 3,000 டாலருக்கு மேல் ஆனது பல பெண்களுக்குத் தடையாக இருந்தது என்பதையும் விடவில்லை. அந்த விலைக்குக் காரணமாக இருந்த காப்புரிமை விஷயத்தில், கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, ஜூன் 13 அன்று, இயற்கையாக உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

கட்டுரையின் விளைவும் சின்னது இல்லை. அது வெளிவந்த அடுத்த 15 வேலை நாட்களில் அமெரிக்காவில் இந்தச் சோதனை செய்துகொண்டவர்களின் விகிதம் 64 சதவீதம் கூடியது என்று 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் அந்த ஜூன், ஜூலை மாதங்களில் பரம்பரைப் புற்றுநோய் மையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் முந்தைய வருஷத்தைப்போல சுமார் இரண்டரை மடங்கு. எத்தனை கட்டுரைகளுக்கு இப்படி ஒரு கணக்கு காட்ட முடியும்?

அதனால் இந்தக் கட்டுரையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் கேள்வி வேறு. குடும்பத்தில் ஒருவருக்குப் பரம்பரைப் புற்றுநோய் ஆபத்து இருப்பது தெரியவந்தால், அதை மற்ற சொந்தக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? ‘ஜோலி மாதிரி தைரியமாகச் சொல்லணும்’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு தேவை வந்தபோது (அது பின்னால் வருகிறது) கட்டுரையை மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். உலகத்துக்குச் சொல்ல இது நல்ல முன்மாதிரி. அக்கா தம்பிக்குச் சொல்ல இது உதவாது என்பது என் முடிவு. காரணம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளைகள் கேட்டது

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உடைந்த டி.என்.ஏ.வை ரிப்பேர் செய்வது அதன் வேலை. ஒரு பிரதியில் பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், அது ஆணோ பெண்ணோ, அந்தப் பிழை போய்ச் சேர 50 சதவீதம் வாய்ப்பு. கூடப்பிறந்தவர்களுக்கும் பெரும்பாலும் அதே 50. நாணயத்தைச் சுண்டிப் போடுவது மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

இப்போது கட்டுரையின் தொடக்கம். பாட்டியைப் பற்றிப் பிள்ளைகளிடம் அடிக்கடி பேசுவதாக ஜோலி எழுதுகிறார். பாட்டியைக் கொண்டுபோன நோயை விளக்க முயல்கிறார். ‘அதே மாதிரி உனக்கும் வருமா?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கவலைப்பட வேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்லிவந்தேன், ஆனால் உண்மை வேறு என்று சொல்லி மரபணுவுக்கு வருகிறார். கட்டுரையிலேயே நல்ல இடம் இதுதான். நோயைக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு கேள்வியாகக் கொண்டுவருவது சாதாரணமாக வந்துவிடாது.

ஆனால் அந்தக் கேள்விக்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. ‘அப்ப எங்களுக்கு?’ கட்டுரை முழுக்கத் தேடினாலும் அது இல்லை. பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். அம்மாவின் உடம்பில் சின்னத் தழும்புகளைத் தவிர அவர்களைச் சங்கடப்படுத்த ஒன்றும் இல்லை, அம்மாவை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுப்போமோ என்று அவர்கள் பயப்படத் தேவையில்லை என்கிறார். அதாவது பிள்ளைகள் அம்மாவை இழக்கக்கூடியவர்களாக மட்டும் வருகிறார்கள். அம்மாவிடமிருந்து எதையாவது பெற்றிருக்கக்கூடியவர்களாக வருவதில்லை.

தலைப்பே அதைத்தான் சொல்கிறது. ‘என்’ முடிவு. மரபணு ஒரு குடும்பத்தின் வழியாக ஓடிவரும் சமாச்சாரம். கட்டுரையின் இலக்கணம் முழுக்கத் தன்மை ஒருமை. கட்டுரை யாரிடம் பேசுகிறது என்றும் பாருங்கள்: ‘இதைப் படிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும்’. ஆண்கள் வருகிறார்கள், ஆனால் சிகிச்சையின்போது பக்கத்தில் நிற்கும் துணைவர்களாக. இந்தப் பிழை அப்பா வழியாகவும் வரும், அண்ணன் தம்பி வழியாக அவர்கள் மகள்களுக்குப் போகும் என்பதற்கு அங்கே இடமில்லை. பரம்பரை ஆபத்தைக் குடும்பத்தில் சொல்பவர்கள் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் சொல்கிறார்கள், நெருங்கிய உறவுக்குச் சொல்வது தூரத்து உறவுக்குப் போய்ச் சேருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்தப் பழக்கத்தை ஜோலி உண்டாக்கவில்லை. அவருடைய கட்டுரையும் அந்தப் பழக்கத்துக்குள்ளேயே நிற்கிறது, அதுதான் நான் சொல்வது.

87-க்கு முன்னால் ஒரு ‘இஃப்’

கட்டுரை வந்த சூட்டிலேயே அமெரிக்காவில் 2,500-க்கும் அதிகமான பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. நான்கில் மூன்று பேருக்கு ஜோலி கதை தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய ஆபத்தை, இந்தப் பிழை இல்லாத ஒரு பெண்ணின் ஆபத்தோடு சரியாக ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு விவரம் இருந்தவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழே.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், அதனால் இதை இப்படிப் பார்க்கிறேன். 87 என்பது ஒரு ‘இஃப்’புக்கு உள்ளே இருக்கும் எண். ‘பிழை இருந்தால்’ என்ற கிளைக்குள் போன பிறகுதான் அதற்கு அர்த்தம். ஜோலி சோதனை முடிந்து அந்தக் கிளைக்குள் நிற்பவர், அதனால் அவருடைய கதை 87-இல் தொடங்கி 5-க்குக் கீழே முடிகிறது. செய்தியைப் பெறும் அக்காவோ மாமாவோ இன்னும் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முதல் எண் 50. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்று வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் ஆபத்து மற்ற எல்லாப் பெண்களுடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கக் கணக்கில் வாழ்நாளில் எட்டில் ஒருவர். அதோடு அவருடைய பிள்ளைகளுக்கும் அந்த வழியில் பிழை வராது, அந்தக் கிளையில் விஷயம் அங்கேயே முடிந்தது.

சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போது கையில் இருக்கும் நல்ல செய்தி இதுதான்: நான் சொல்லப்போகும் உங்களில் பாதிப் பேருக்கு இது நிம்மதியாக முடியும். ஜோலியின் கட்டுரையில் இது வராது, வரவும் முடியாது. சோதனையில் ‘இல்லை’ என்று வந்தவர் அந்தக் கதையில் யாருமே இல்லை. படித்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போகிறவர் கையில் மிஞ்சுவது 87-உம் அறுவை சிகிச்சையும். அதைக் கேட்டு யார் சோதனைக்கு வருவார்கள்?

49-இல் 10 போனால் 39

2015 மார்ச்சில் ஜோலி அதே நாளிதழில் இரண்டாவது கட்டுரை எழுதினார், ‘ஓர் அறுவை சிகிச்சையின் நாட்குறிப்பு’. இந்த முறை சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றியது பற்றி. எழுத்தாக இது முதல் கட்டுரையைவிட ஒரு படி மேல் என்பேன். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் கிளம்பி, முடிவுக்காகக் காத்திருந்த நாட்களைப் பதற்றத்தோடு சொல்கிறார். எல்லோரும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை என்றும் அழுத்திச் சொல்கிறார்.

இங்கே சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அம்மா, பாட்டி, சித்தி, மூவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததாக எழுதுகிறார். குடும்பத்துப் பெண்களில் மிகக் குறைந்த வயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருஷம் முன்னால் இதைச் செய்துகொள்வது நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது 49 வயதில். தனக்கு இப்போது 39.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மகளுக்கு எப்போது கத்தி வைக்க வேண்டும் என்பதை அம்மாவுக்கு நோய் வந்த வயது சொல்கிறது. அம்மா தன் நோயைச் சொல்லியிருந்ததால்தான், வயதும் வகையும் தெரிந்திருந்ததால்தான் இந்தக் கழித்தல் கணக்குப் போட முடிந்தது. சொந்தக்காரர்கள் தந்த தகவலில் நிற்கிறது ‘என்’ முடிவு. ஆனால் கட்டுரையில் தகவல் ஒரே திசையில்தான் ஓடுகிறது: இறந்தவர்களிடமிருந்து இவருக்கு. இவரிடமிருந்து உயிரோடு இருக்கும் சொந்தங்களுக்கு எப்படிப் போனது, போனதா என்பது இரண்டு கட்டுரைகளிலும் இல்லை.

அந்தச் சித்தி விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அம்மாவின் தங்கை. முதல் கட்டுரை வெளிவந்து 12 நாளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார், வயது 61. அவருக்கும் அதே பிழை இருந்தது, ஆனால் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது தெரியவந்தது என்று அவருடைய கணவர் பத்திரிகைகளிடம் சொன்னார். ‘என் மருத்துவ முடிவு’ அச்சாகும்போது அதே மரபணுவோடு, அதே குடும்பத்தில், இன்னொரு பெண் மரணப் படுக்கையில் இருந்திருக்கிறார். கட்டுரையில் அவர் இல்லை.

இதற்கு நியாயமான பதில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சித்தியின் நோய் சித்தியுடையது. அதை உலகப் பத்திரிகையில் போட ஜோலிக்கு என்ன உரிமை? பிள்ளைகளின் கேள்வியை எழுதாமல் விட்டதற்கும் இதே பதில்தான். வளர்ந்த பிறகு வரக்கூடிய நோய்க்கான சோதனையைப் பதினெட்டு வயதுக்கு முன் செய்ய வேண்டாம் என்றுதான் மரபணு ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளை வளர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அம்மா பத்திரிகையில் எழுதி அதைப் பறிக்கக்கூடாது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதையாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ‘இது என்னோடு முடிகிற விஷயம் இல்லை, மற்றவர்களுக்கும் சொந்தமானது, அவர்களைப் பற்றி இங்கே நான் பேச மாட்டேன்’ என்று ஒரே ஒரு வரி. அது இருந்திருந்தால் படிப்பவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார். அது இல்லாததால் மரபணு என்பது ஒரு தனிமனிதரின் எதிரி, அவர் தனியாக நின்று ஜெயித்தார் என்ற கதைதான் கையில் நிற்கிறது.

‘கவலைப்படாதீங்க’

சரி, ஒரு நடிகையிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது ஜாஸ்திதான். தொழில்முறையாக இதை எழுதியவர்கள் இருக்கிறார்களே, நீதிபதிகள். அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள்? இந்த விஷயத்தில் இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகள் முக்கியமானவை.

முதலாவது 1995, ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், பேட் வழக்கு. அம்மாவுக்கு 1987-இல் பரம்பரையாக வரக்கூடிய ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை. மூன்று வருஷம் கழித்து மகளுக்கும் அதே நோய். ‘உங்கள் பிள்ளைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்’ என்று டாக்டர் அம்மாவை எச்சரித்திருக்க வேண்டாமா என்று மகள் வழக்குப் போட்டார். பிள்ளைகளின் நலனுக்காக எச்சரிக்கும் கடமை டாக்டருக்கு உண்டு, ஆனால் நோயாளியிடம் சொல்லிவிட்டாலே அந்தக் கடமை முடிந்தது என்றது நீதிமன்றம். ஒவ்வொரு சொந்தக்காரரையும் டாக்டர் தேடிப்போய்ச் சொல்வது நடைமுறையில் ஆகாது, பாரமும் அதிகம் என்பது காரணம்.

இரண்டாவது 1996, நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சேஃபர் வழக்கு. பெருங்குடலில் நிறைய கட்டிகள் முளைத்துப் புற்றுநோயாகும் பரம்பரை நோய். அப்பா 1964-இல் இறந்தபோது மகளுக்குப் பத்து வயது. 1990-இல், 36 வயதில், மகளுக்கு அதே நோய். டாக்டரும் அதற்குள் காலமாகிவிட்டார். வழக்கு அவருடைய சொத்தின் மேல். பிள்ளைகளுக்கும் இது வருமா என்று தான் டாக்டரிடம் கேட்டதாகவும், கவலைப்படாதீர்கள் என்று அவர் பதில் சொன்னதாகவும் தாயார் சாட்சி சொன்னார். நோயாளியிடம் சொல்வது மட்டுமே எல்லாச் சமயத்திலும் போதும் என்று சொல்லிவிட முடியாது, ஆபத்தில் இருப்பவருக்கே தகவல் போய்ச் சேர நியாயமான முயற்சி வேண்டும் என்றது இந்த நீதிமன்றம்.

ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு எதிர் எதிரான பதில்கள். எழுத்தாகப் பார்த்தால் ஃபுளோரிடா தீர்ப்பு சுத்தமானது: எல்லை தெளிவு, நடைமுறைக்கு ஏற்றது. நியூ ஜெர்சி தீர்ப்பு ‘எல்லாச் சமயத்திலும் முடியாது’ என்று சொல்லிவிட்டு எந்தச் சமயத்தில் என்று முழுசாகச் சொல்லாமல் போகிறது. இருந்தாலும் என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். காரணம், அது அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறது. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் புரோகிராம் எழுதும்போது ‘அனுப்பிட்டேன்’ என்பதோடு நிறுத்தினால் எங்கள் டீம் லீட் விடமாட்டார். பதில் வந்ததா, வராவிட்டால் மறுபடி யார் அனுப்புவது? ஃபுளோரிடா நீதிமன்றம் நோயாளியைத் தபால்காரர் ஆக்கிவிட்டு அந்தத் தபால்காரர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. அப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர் அவர். கீமோவில் இருப்பவர். அண்ணனோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவராகவும் இருக்கலாம். இந்தத் தபால்காரரை மட்டும் நம்பிய இடங்களில், ஆபத்தில் உள்ள உறவினர்களில் பாதிப் பேர்கூடச் சோதனைக்கு வருவதில்லை என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு.

ஜோலி பிள்ளைகளிடம் சொல்லிவந்ததும் ‘கவலைப்படாதீங்க’தான், சேஃபர் வழக்கில் டாக்டர் சொன்னதாகத் தாயார் சொன்னதும் அதேதான். உலகம் முழுக்கக் குடும்பங்களில் இந்த விஷயத்துக்கு முதலில் வாயில் வரும் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்போல.

யார் பெயரும் இல்லாத கடிதம்

இன்னொரு கோடியில் பிரான்ஸ். அங்கே 2011-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, தடுக்கவோ கவனிக்கவோ வழியுள்ள தீவிரமான மரபணுப் பிரச்சினை தெரியவந்தால் அதை உறவினர்களுக்குச் சொல்வது நோயாளியின் கடமை. தானே சொல்ல விருப்பமில்லை என்றால் டாக்டர் மூலம் சொல்லச் சொல்லலாம். நடைமுறை ஆணை வந்தது 2013 ஜூன் 20, ஜோலி கட்டுரைக்கு ஐந்து வாரம் கழித்து.

டாக்டர் அனுப்பும் அந்தக் கடிதம் விசித்திரமான ஒரு பிரதி. குடும்பம் சம்பந்தப்பட்ட ஒரு மருத்துவத் தகவல் இருக்கிறது, அது உங்களையும் பாதிக்கக்கூடும், மரபணு ஆலோசனைக்கு வாருங்கள் என்று சொல்லும். யாருக்கு அந்தப் பிழை இருக்கிறது என்ற பெயர் இருக்காது. என்ன நோய் என்பதும் இருக்காது. நோயாளியின் அந்தரங்கமும் காப்பாற்றப்படுகிறது, தெரிந்துகொள்ள விரும்பாத உறவினரின் உரிமையும் காப்பாற்றப்படுகிறது. சட்டமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். வாசகனாகப் பார்த்தால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தபால் பெட்டியில் இப்படி ஒரு கடிதம் கிடந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஜோலியின் கட்டுரை முழுக்க ‘நான்’. பிரெஞ்சுக் கடிதத்தில் ‘நான்’ என்று யாருமே இல்லை. ஒரு குடும்பத்துக்குள் சொல்லப்படும் செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும்.

நம்ம, எங்க

இப்போது எங்கள் வீட்டு விஷயம். என் சித்தி சில வருஷம் முன்னால் தவறிப்போனார். ‘வயித்துல கட்டி’ என்றுதான் குடும்பத்தில் சொல்வோம். போன வருஷம் சித்தி மகளுக்குப் பெங்களூரில் மார்பகப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தார்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் கேட்க, பழைய ஃபைலைத் தேடி எடுத்தால் சினைப்பைப் புற்றுநோய் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மரபணுச் சோதனையில் பி.ஆர்.சி.ஏ.1. சித்தி வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் ஆலோசகர்.

“அண்ணா, நீ பிளாக்ல எல்லாம் எழுதுறியே, சொந்தக்காரங்களுக்குச் சொல்ற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. எனக்கு போன்ல சொன்னா அழுகை வந்துடுது” என்றாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆகவே என் அம்மாவுக்குப் பாதி வாய்ப்பு, எனக்குக் கால், என் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. எழுதுபவனும் நான், கடிதத்தைப் பெறுபவனும் நான்.

ஆலோசகர் வரைந்து கொடுத்த வம்சப் படத்தில் சதுரம் ஆண், வட்டம் பெண். அதில் மாமா, சித்தி என்ற வித்தியாசம் கிடையாது. நமக்குச் சித்தி மகள் தங்கச்சி, மாமா மகள் முறைப்பெண். மரபணுவுக்கு இரண்டு பேரும் ஒரே தூரம். படத்தைப் பார்த்த பிறகுதான் மாமா வீட்டையும் பட்டியலில் சேர்த்தோம், ஏனென்றால் என் தங்கை முதலில் எழுதியிருந்த பட்டியலில் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

முதல் வரைவில் அவள் ‘எங்க குடும்பத்துல ஒரு மரபணுப் பிரச்சினை இருக்கு’ என்று எழுதியிருந்தாள். தமிழில் இது ஒரு பெரிய விஷயம். ‘எங்க’ என்றால் கேட்பவர் அதில் இல்லை. ‘நம்ம’ என்றால் கேட்பவரும் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘நம்ம’ என்று மாற்றினோம். கடைசியில் போனது இது:

“அம்மாவுக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். நாம வயித்துக் கட்டின்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். எனக்கு எடுத்த சோதனையில பி.ஆர்.சி.ஏ.1ங்கற மரபணுவுல ஒரு மாற்றம் இருக்குன்னு வந்திருக்கு. இது நம்ம குடும்பத்துல வழிவழியா வந்திருக்கலாம். அம்மாவோட கூடப்பிறந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் இருக்க பாதி வாய்ப்பு, இல்லாம இருக்கவும் பாதி வாய்ப்பு. ஆம்பளைங்களுக்கும் அதே கணக்குதான், அவங்க மூலமா பிள்ளைங்களுக்கும் போகலாம். மாற்றம் இருந்தா நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல. முன்னாடியே தெரிஞ்சா செய்ய வழி இருக்கு. என் ரிப்போர்ட் நகலை யார் கேட்டாலும் தர்றேன். அது இருந்தா உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தா போதும், செலவும் குறையும். தெரிஞ்சுக்க வேண்டாம்னாலும் அது உங்க விருப்பம். ஆனா உங்க பிள்ளைங்ககிட்ட இந்தத் தகவலைச் சொல்லிடுங்க.”

குரூப்பில் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பிறகு தனித்தனியாக அனுப்பினாள். நீலக் குறி எல்லோருடையதிலும் வந்தது. பதில் எல்லோரிடமிருந்தும் வரவில்லை. “ஆம்பளைக்கு என்னம்மா இதுல?” என்றார் மாமா. விளக்கியதும், “பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன், கல்யாணம் முடியட்டும்” என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பேச்சு வெளியே போனால் ஜாதகத்தைவிட வேகமாகச் சுற்றும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 24 வயது. உடம்பு அவளுடையது. அவளிடம் நேராகச் சொல்லலாமா என்று நானும் தங்கையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆறு மாதம் மாமாவுக்குக் கொடுப்போம் என்கிறாள் அவள். ஃபுளோரிடாவும் நியூ ஜெர்சியும் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கின்றன.

என் அம்மா செய்தியை இரண்டு முறை படித்தார். “இது எங்க அம்மாகிட்டருந்து வந்ததா, அப்பாகிட்டருந்தா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். சோதனை செய்துகொள்வது பற்றி “யோசிக்கிறேன்” என்கிறார். அவர் யோசிக்கட்டும். 68 வயசில் அந்த உரிமை அவருக்கு உண்டு.

என் மதிப்பீடு

‘என் மருத்துவ முடிவு’ ஒரு நல்ல கட்டுரை, அதனால் பிழைத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதன் பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒரு தனி ஆளின் கதையாகச் சொன்னதால்தான் அத்தனை பேர் படித்தார்கள். தனி ஆளின் கதையாகச் சொன்னதால்தான், படித்தவர்கள் ‘நான் டெஸ்ட் பண்ணிக்கணுமா?’ என்று கேட்டுக்கொண்டார்கள்; ‘நான் யாருக்கெல்லாம் சொல்லணும்?’ என்று கேட்டவர்கள் அந்த அளவுக்கு இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சோதனை முடிவோடு ஒருவர் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும் வேலை இரண்டாவது கேள்வி. அதற்கு இன்னும் நல்ல கட்டுரை எழுதப்பட வேண்டும், முடிந்தால் மூன்று சகோதரிகளும் ஒரு தம்பியும் சேர்ந்து எழுதியதாக.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை, சொந்தமாகச் செய்யக்கூடியது. உங்கள் குடும்பத்தில் ‘வயித்துல கட்டி’, ‘ரத்தத்துல ஏதோ’ என்று சொல்லி முடித்துவிட்ட மரணங்கள் இருந்தால், அது என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று இருப்பவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய ஃபைல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்ன வயதிலேயே வந்திருந்தாலோ, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல் சித்தியின் ஃபைலில் ரொம்ப நாளாக இருந்தது. அலமாரியில்.